சொர்ணவல்லியைக் கூட்டிப்போனவர்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நடந்து இன்னும் இரண்டு மாதம் முழுதாக ஆகவில்லை. இதில் வருகிறவர்கள், ஒருவரைத் தவிர, எல்லோரும் இன்றைக்கும் ஆலங்குடிப் பக்கத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். போய் விசாரிக்கலாம். அந்தச் சின்ன ஊரின் பெயரை மட்டும் நான் எழுதப்போவதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் பட்டது போதும்.

பேய் பிசாசு என்றால் நடுராத்திரி, சுடுகாடு, அமாவாசை என்பார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில். உச்சி வெயிலில். கண் கூசக் கூசப் பார்த்தேன். தூக்கமில்லை, கனவில்லை.

என் பெயர் மீனம்மாள். ஆலங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயது இருபத்து நான்கு. இந்த 1943 மே மாதம், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் உள்ள சில பள்ளிக்கூடங்களின் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய சத்திரத்தில் கோடை முகாம் போட்டோம். முன்னால் பெரிய புளியந்தோப்பு. பின்னால் கண்மாய், தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. காலையில் டிரில், வெயில் ஏறினால் தையலும் முதலுதவியும், சாயங்காலம் பாட்டும் ஆட்டமும். பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்கு முன் ஆத்தாளை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. முதல் நாள் அழுதார்கள். அப்புறம் வீட்டையே மறந்துவிட்டார்கள்.

முகாமுக்குத் தலைவி சவரியம்மாள் டீச்சர். ஆட்டத்துக்குப் பொறுப்பு நான். பின்னல் கோலாட்டம் கற்றுக்கொடுத்தேன். மரக்கிளையில் கயிறுகளைக் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளும் வெளியுமாக ஆடிக்கொண்டே பின்ன வேண்டும். பிறகு அதேபோல் ஆடிக்கொண்டே பிரிக்க வேண்டும். ஒருத்தி கால் மாற்றி வைத்தால் சிக்கல் விழுந்துவிடும். ஒருத்தி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

முன்னால் நின்று பாடி ஆடியவள் சொர்ணவல்லி. என் வகுப்புப் பிள்ளைதான். பதினொரு வயது. ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். அப்பா உடையப்பன் கடலைக்காடு வைத்திருக்கிற விவசாயி. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தபோது ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உயரமான மனிதர். "ஒத்தைப் புள்ளை டீச்சரம்மா. சத்தம் போட்டுப் பேசாதீங்க, அழுதுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் முகாம் முடிகிறது. அன்று சமஸ்தானத்தின் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி வந்து ஆட்டம் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பாராட்டிச் சொன்னால் புதுக்கோட்டைக்கே மாற்றல் கிடைக்கும் என்று யாரோ என் காதில் போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. சவரியம்மாள் டீச்சர் அன்று புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். நான்தான் வாசலுக்குப் போனேன்.

"நான் சொர்ணத்தோட சித்தப்பா, கண்ணுசாமி. அண்ணனுக்குக் காச்ச விட மாட்டேங்குது டீச்சரம்மா. புள்ளையைப் பாக்கணும், பாக்கணும்னு ஒரே பொலம்பல். கூட்டிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எத்தனை நாளா?"

"நாலு நாளாச்சு. வைத்தியரு கசாயம் குடுத்திருக்காரு. கேக்கலை."

"காய்ச்சல்தானே... சனிக்கிழமை காலையில புரோகிராம் இருக்கு. முடிஞ்ச உடனே வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

"இல்லீங்க... அவரு ரொம்ப..."

"இவ இல்லாட்டி ஆட்டமே நின்னுரும். பெரிய எடத்து அம்மா வர்றாங்க. கொஞ்சம் புரிஞ்சுக்கங்க."

அவர் என்னையே பார்த்தார். படித்தவளிடம் எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சைக்கிளைத் திருப்பினார். "அப்ப சனிக்கிழமை வாரேங்க" என்றார்.

அன்று ராத்திரி பாயில் படுத்திருந்த சொர்ணவல்லி தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்க சித்தப்பா கொரல் கேட்டுச்சே. வந்தாங்களா?"

"இல்லையே. படுத்துத் தூங்கு."

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினேன். ஒரு பிள்ளையிடம் பொய் சொன்னேன். செய்யும்போது அது பெரிய பாவமாகத் தெரியவில்லை. காய்ச்சல் யாருக்குத்தான் வரவில்லை?

சனிக்கிழமை ஆட்டம் அமோகமாக நடந்தது. கயிறுகள் பின்னிக்கொண்டு ஒரே சடையாகத் தொங்கின. பிறகு ஒரு சிக்கலில்லாமல் பிரிந்தன. அந்த அம்மாள் கைதட்டினார். சொர்ணவல்லியின் கன்னத்தைத் தட்டி, என்னைப் பார்த்து, "நல்லாப் பழக்கியிருக்கேள்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பத்து மணிக்கு அந்த அம்மாளின் கார் கிளம்பியது. சவரியம்மாள் டீச்சரும் அதிலேயே போய்விட்டார். பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் தோப்பில் நின்றார்கள். சிலரைக் கூட்டிப்போக மாட்டுவண்டிகள் வந்தன. மற்றவர்களுக்குக் கரி பஸ். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் ஏது? பின்னால் அடுப்பு மாதிரி புகைந்துகொண்டு அது வந்து சேர்வதற்குள் பதினொரு மணி. கூச்சல், சிரிப்பு, கட்டிப்பிடித்து அழுகை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் சொர்ணவல்லி தன் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"என்னடி?"

"அப்பா கூப்புட்டாங்க டீச்சர்."

"ஒங்க சித்தப்பா வருவாரு. உக்காரு."

அவள் உட்காரவில்லை. கண்மாய்க் கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் போனது. புழுதி அடங்கியது. அவ்வளவு பிள்ளைகள் இருந்த இடத்தில் திடீரென்று யாருமில்லை. ஒரு ரிப்பன் கிடந்தது. யாரோ கடித்துப் போட்ட மாங்கொட்டை கிடந்தது. சமையல்கார அழகி பாத்திரம் தேய்க்கக் கண்மாய்க்குப் போயிருந்தாள். பாத்திரம் ஏற்றவேண்டிய வண்டிக்காரர் சத்திரத்துக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் நானும் சொர்ணவல்லியும்தான். அவள் உள்ளே போய்த் தூணில் சாய்ந்துகொண்டாள். நான் மரத்திலிருந்து கோலாட்டக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் கோயிலில் உச்சிகால மணி அடித்தது.

அடித்து முடிந்தது. அதோடு எல்லாச் சத்தமும் நின்றுபோன மாதிரி இருந்தது. தோப்பில் எப்போதும் காக்கை கத்தும். ஒன்றும் கத்தவில்லை. காற்று இல்லை. ஒரு புளிய இலைகூட அசையவில்லை...

"சொர்ணத்தைக் கூட்டிப்போக வந்தேன்."

திடுக்கிட்டுத் திரும்பினேன்.

தோப்பின் நிழல் முடிகிற இடத்துக்கு அப்பால், வெயிலில், உடையப்பன் நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு. சட்டை இல்லை. நல்ல தூரம். ஆனால் குரல் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. 'அப்பாடா, மனுஷன் எழுந்து நடமாடுகிறார், நாம் செய்ததில் கெடுதல் ஒன்றுமில்லை' என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"வாங்க, வாங்க. நெழலுக்கு வாங்க. ஒடம்பு தேவலையா?"

"இனிமே தேவலைதான்."

அவர் நிழலுக்கு வரவில்லை. அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவும் இல்லை. வெட்கம். நான் செய்தது அவருக்குத் தெரியும் அல்லவா? கையிலிருந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"வியாழக்கெழமை ஒங்க தம்பி வந்தாரு... அன்னிக்கு அனுப்ப முடியலை. தப்பா நெனச்சுக்காதீங்க."





"இந்தத் தடவை விட்டுருவீங்கள்ல?"

கெஞ்சுகிற குரல். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "ஐயோ, தாராளமா" என்றேன். உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. "அப்பா!" என்று கத்திக்கொண்டு சொர்ணவல்லி ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"பெட்டி?" என்றேன்.

"அது இங்கிட்டே இருக்கட்டும்" என்றார். "நேரமில்லை."

அவர் முன்னால் நடந்தார். அவள் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். வாய் ஓயாமல் பேசினாள். ஆட்டத்தைப் பற்றி, கைதட்டலைப் பற்றி...

பாதை நடுவில் சத்திரத்து நாய் படுத்திருந்தது. யார் வந்தாலும் குரைக்கிற நாய். அவர் அதை உரசிக்கொண்டு போனார். அது காதைக்கூட அசைக்கவில்லை. அடுத்து அவள் கால் பட்டது. துள்ளி எழுந்து ஓடியது.

அப்போதுதான் எனக்கு முதுகில் சில்லென்றது.

காய்ச்சலில் கிடந்தவர். அவர் ஊரிலிருந்து இங்கே எட்டு மைல். இந்த வெயிலில். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லையே...

"சொர்ணம்!" என்று கத்தினேன். "நில்லு! கொஞ்சம் நில்லு!"

அவள் திரும்பவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓட ஓட அவர்கள் தூரமாகிக்கொண்டே போனார்கள். அவர்கள் நடக்கத்தான் நடந்தார்கள். நான் ஓடினேன். ஆனாலும்...

கண்மாய்க் கரை ஏறினார்கள்.

என் காதோரத்தில் ஒரு குரல்.

"பின்னாடி வராதீங்க."

என் கால் நின்றுவிட்டது. பக்கத்தில் யாருமில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கரையிலும் யாருமில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. அழகி தேய்த்த பாத்திரங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன டீச்சர், வெயில்ல நிக்கிறீங்க? அந்தச் சொர்ணம் புள்ளையைத் தனியாவா அனுப்பிச்சீங்க?"

"தனியாவா? அவ அப்பா கூடப் போறாரே!"

"எந்த அப்பா? கரைமேல அது மட்டுந்தான் போச்சு. தானாப் பேசிக்கிட்டே போச்சு."

கரைமேல் ஏறிப் பார்த்தேன், கண்ணுக்கெட்டிய வரை பாதையில் யாருமில்லை.

மணி ஒன்று இருக்கும். சைக்கிள் சத்தம் கேட்டது. கண்ணுசாமி. இறங்கியவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"புள்ளையை அனுப்புங்கம்மா... அண்ணன் போயிட்டாரு."

"எப்ப?"

"பதினொரு மணிக்கு. வைத்தியரு கையைப் புடிச்சுப் பாத்துட்டு அடங்கிருச்சுன்னாரு. எங்கேம்மா புள்ளை?"

நான் எப்படிச் சொல்வேன்? யாரிடம் கொடுத்தேன் என்று சொல்வேன்?

"அவ... போயிட்டா. ஒங்க அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போனாரு."

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மெல்ல, "நான் அந்த வழியாத்தானேம்மா வாரேன்... எதுத்தாப்புல ஒருத்தரும் வரலையே" என்றார்.

அவர் சைக்கிளில் முன்னால் பறந்தார். நான் பாத்திர வண்டியில் ஏறிக்கொண்டேன். வண்டிக்காரர் மாட்டை விரட்டினார். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு கிணறு. ஒவ்வொரு புதர். ஒவ்வொரு பனையடி. கிணறு வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தேன். மாற்றல் கேட்டேனே, பாராட்டுக் கேட்டேனே... கடவுளே, எனக்கு எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளையை மட்டும் காட்டு.

ஐந்து மணிக்கு அவர்கள் ஊர்.

வீட்டு முன்னால் கூட்டம். ஆனால் ஒப்பாரி இல்லை. சாவு வீட்டில் அழுகைச் சத்தம் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் வழி விட்டார்கள்.

நடு வீட்டில் உடையப்பன் கிடந்தார். தலைமாட்டில் சொர்ணவல்லி உட்கார்ந்திருந்தாள். முழுதாக. ஒரு கீறல்கூட இல்லாமல்.

பக்கத்தில் அவள் ஆத்தா ராக்காயி. நடந்ததை அந்த அம்மாள்தான் சொன்னாள். அழாமல் சொன்னாள்.

"பதினோரு மணிக்கு மூச்சு நின்னுருச்சு. கால் கட்டைவெரலைச் சேத்துக் கட்டியாச்சு. சொந்தக்காரங்களுக்கு ஆள் விட்டாச்சு. மூணு மணி இருக்கும், குளிப்பாட்டத் தண்ணி கொண்டாந்தாங்க. அப்ப இவ வாசல்ல வந்து நிக்கிறா. 'ஆத்தா, அப்பா எங்கே? இந்நேரம் எங்கூடத்தானே வந்தாங்க'ங்கிறா. இவ காலை உள்ள எடுத்து வைக்கவும்... அவுக கண்ணைத் தொறந்துட்டாக."

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத் தொறந்து இவளைப் பாத்தாக. 'சாப்புட்டியா சொர்ணம்?'ன்னாக. அம்புட்டுத்தான். மறுபடி போயிட்டாக."

அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். வியாழக்கிழமை நான்தான் அனுப்பவில்லை என்று. ஆட்டம் கெட்டுப்போகும் என்று நிறுத்தினேன் என்று. சித்தப்பா வந்ததையே பிள்ளையிடம் மறைத்தேன் என்று. சொர்ணவல்லி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ராக்காயி என்னைத் திட்டவில்லை. எழுந்துபோய், அவர் கால்பக்கம் மூடியிருந்த வேட்டியை விலக்கினாள்.

"பாருங்க டீச்சரம்மா."

பார்த்தேன்.

கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியபடியே இருந்தன. கட்டு அவிழவில்லை. இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். சுடுமணலில் வெகுதூரம் நடந்தால் வருமே, அந்தக் கொப்புளம். சில உடைந்து, அதில் செம்மண் அப்பியிருந்தது.

"ஆறு நாளாக் கட்டிலை விட்டு எறங்காத மனுசன்" என்றாள். "அன்னிக்கே அனுப்பியிருந்தீங்கன்னா அவுக நடந்திருக்க வேண்டாம்."



போன வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. சொர்ணவல்லி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். முன்பெல்லாம் முதல் வரிசையில் உட்காருவாள். இப்போது கடைசியில் போய் உட்கார்ந்தாள். கணக்குப் போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு வழியில அப்பா ஏதாவது பேசினாங்களாம்மா?"

"நெறையாப் பேசிக்கிட்டு வந்தாங்க டீச்சர்."

"என்ன பேசினாங்க?"

"ஆத்தாளைப் பத்தி. கடலைக்காட்டைப் பத்தி..." அவள் நோட்டை மூடினாள். "ஒங்களைப் பத்தியுந்தான்."



"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை மட்டும் ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க."